நாற்காலி 300, சீட்டு 450!
(கம்ப்யூட்டர் தன் நினைவகத்தைப் பங்கு வைக்கும் கதை)



இந்த முறை நம் சுவர்ப் பத்திரிகையின் அறிவியல் பகுதிக்கு ஒரு புதிர் கொண்டு வந்திருக்கிறேன். 2 ஜி.பி. ரேம் உள்ள ஒரு கம்ப்யூட்டர், தன்னிடம் வேலை பார்க்கும் புரோகிராம்களுக்கு மொத்தம் 3 ஜி.பி. வரை தருவதாக ஒத்துக்கொள்ளும். கையில் இருப்பது இரண்டு, சொல்வது மூன்று. இல்லாததை எப்படித் தரும்? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? சொன்னபடி தர முடியாமல் போனால் யாருக்கு நஷ்டம்? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு பெட்டி, இரண்டு கணக்குப்பிள்ளை

நம் அக்கா, அண்ணன்மார் பலர் வீட்டில் அரசு தந்த இலவச லேப்டாப் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த முதல் லேப்டாப்பில் 2 ஜி.பி. ரேம் இருந்தது. அதில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஒரே லேப்டாப்பில் இரண்டு இயக்க அமைப்புகள் (ஓ.எஸ்.) இருந்தன. ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ். "பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்" என்பதன் சுருக்கம்தான் பாஸ். நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து அதை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம்.

ரேமைப் பங்கு வைப்பது இந்த இயக்க அமைப்பின் வேலை. ஒரு வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சரியம் என்னவென்றால், ஒரே லேப்டாப்பில் இருந்த இந்த இரண்டு கணக்குப்பிள்ளைகளும் கணக்குப் பார்க்கும் விதமே வேறு. ஒருவர் கறார், இன்னொருவர் தாராளம். ஏன் என்று புரிய முதலில் ரேமைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேம் என்பது என்ன?

ஹார்டு டிஸ்க் பீரோ மாதிரி. ரேம் நாம் உட்கார்ந்து எழுதும் மேசை மாதிரி. வேலை நடக்கும்போது எல்லாம் மேசை மேலேதான் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மேசை சுத்தமாகிவிடும், பீரோவில் வைத்தது இருக்கும்.

இந்த மேசையை இயக்க அமைப்பு சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு கட்டத்துக்குப் "பக்கம்" என்று பெயர். நாம் வழக்கமாகப் பார்க்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு பக்கம் என்பது 4096 பைட், அதாவது 4 கே.பி. இப்படிப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் முறை 1962இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வந்த அட்லஸ் என்ற கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

ஒரு பக்கத்தில் எவ்வளவு எழுதலாம்? யூனிகோடு முறையில் (யு.டி.எஃப். 8) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். "பசுவந்தனை" என்று எழுத 9 குறிகள் (ப, ச, உகரக்குறி, வ, ந, புள்ளி, த, ன, ஐகாரக்குறி). ஆக 27 பைட். ஒரு பக்கத்தில் நம் ஊர்ப் பெயரை 151 தடவை எழுதலாம்! 2 ஜி.பி. ரேமில் இப்படி 5,24,288 பக்கங்கள் இருக்கின்றன. நோட்டில் போட்டுச் சரி பாருங்கள்.

நாற்காலிக் கணக்கு

இப்போது கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஒரு கற்பனை ஊருக்கு வாருங்கள். அந்த ஊர் மகளிர் குழுவிடம் வாடகைக்கு விட 300 பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் மூன்று வீட்டில் விசேஷம். ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் காதுகுத்து, ஒரு வீட்டில் வளைகாப்பு. மூன்று வீட்டுக்காரர்களும் வந்து, "எங்களுக்கு 150 நாற்காலி வேணும், எழுதிக் குடுங்க" என்கிறார்கள்.

குழுத் தலைவி கறாரானவர் என்றால் முதல் இரண்டு வீட்டுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பார். 300 முடிந்துவிட்டது. மூன்றாவது வீட்டாரிடம், "இல்ல தாயி, தீர்ந்து போச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் விசேஷத்தன்று என்ன நடக்கிறது? கல்யாண வீட்டில் 110 பேர்தான் உட்கார்ந்தார்கள், காதுகுத்து வீட்டில் 90 பேர். 100 நாற்காலிகள் அடுக்கி வைத்தபடி சும்மா கிடக்கின்றன. வளைகாப்பு வீட்டில் வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலைவி தாராளமானவர் என்றால், "கேக்கிறவுக கூடத்தான் கேப்பாக, அம்புட்டயும் எடுக்க மாட்டாக" என்று நினைத்து மூன்று வீட்டுக்கும் 150 என்று சீட்டு எழுதிவிடுவார். சீட்டில் 450, கையில் 300. ஆனால் நாற்காலியைச் சீட்டோடு சேர்த்து அனுப்ப மாட்டார். ஆள் வர வர, "அஞ்சு குடுங்க, பத்து குடுங்க" என்று கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பார். கல்யாண வீட்டுக்கு 110, காதுகுத்துக்கு 90, வளைகாப்புக்கு 70. மொத்தம் 270. மூன்று விசேஷமும் நல்லபடியாக முடிந்தது. 30 நாற்காலி மிச்சம்!

இந்தத் தாராளத் தலைவிதான் லினக்ஸ். கையில் இருப்பதற்கு மேல் ஒத்துக்கொள்வதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் "ஓவர்கமிட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் "மிகை வாக்கு" என்று சொல்லலாம். விண்டோஸ் கறார்த் தலைவி. ரேமும், ஹார்டு டிஸ்கில் அதற்கென்று ஒதுக்கிய கோப்பும் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அது வாக்குக் கொடுக்கும்.

கேட்பது வேறு, தொடுவது வேறு

ஒரு புரோகிராம் "எனக்கு 100 எம்.பி. வேண்டும்" என்று கேட்டதும் லினக்ஸ் "சரி" என்று ஒரு சீட்டு எழுதும். அப்போது ரேமில் ஒரு பக்கம்கூட நகராது. அந்தப் புரோகிராம் முதல் தடவை அந்த இடத்தில் எதையாவது எழுதப் போகும்போதுதான், "இந்த முகவரிக்கு இன்னும் பக்கம் கொடுக்கவில்லை" என்று பிராசஸர் இயக்க அமைப்பைக் கூப்பிடும். இதற்குப் "பக்கப் பிழை" என்று பெயர். பேர்தான் பிழை, உண்மையில் தப்பு ஒன்றும் நடக்கவில்லை. "ஆள் வந்தாச்சு, நாற்காலி குடுங்க" என்று கேட்பதுதான். இயக்க அமைப்பு காலிப் பக்கம் ஒன்றை எடுத்துச் சுத்தமாக்கிக் கொடுக்கும். வேலை தொடரும். இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை நடந்துவிடும்.

புரோகிராம்கள் ஏன் கூடுதலாகக் கேட்கின்றன? பேராசையா? இல்லை. இரண்டு காரணம் சொல்கிறேன்.

1) எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாது. லினக்ஸில் ஒரு புரோகிராமுக்குள் நடக்கும் ஒவ்வொரு கிளை வேலைக்கும் (திரெட்) தனியாக ஒரு இடம் ஒதுக்குவார்கள். வழக்கமாக அது 8 எம்.பி. 100 கிளை வேலை இருந்தால் 800 எம்.பி. சீட்டு. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொன்றும் சில பத்து கே.பி.தான் தொடும்.

2) லினக்ஸில் ஒரு புரோகிராம் இன்னொரு வேலையைத் தொடங்க வேண்டுமானால் வழக்கமாக முதலில் தன்னைப் போலவே ஒரு நகல் எடுக்கும். இதற்கு ஃபோர்க் என்று பெயர். 1 ஜி.பி. வைத்திருக்கும் புரோகிராம் நகல் எடுத்தால் இன்னும் 1 ஜி.பி. வேண்டுமே? வேண்டாம். அக்காவும் தங்கையும் ஒரே நோட்டை வைத்துப் படிக்கிற மாதிரி இரண்டும் அதே பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும். யாராவது ஒருத்தி ஒரு பக்கத்தில் திருத்தம் எழுதப் போனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்தால் போதும். கறார்க் கணக்குப் பார்த்தால் முழு நோட்டுக்கும் தாள் கையில் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சின்ன வேலையைக்கூடத் தொடங்க முடியாது.

எல்லாரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால்?

கேள்வி இங்கேதான் இருக்கிறது. நல்ல மழை பெய்து, உளுந்தும் பாசியும் நல்லா விளைந்து, எல்லார் கையிலும் காசு இருக்கிற வருஷம். மூன்று விசேஷத்துக்கும் சொந்தபந்தம் மொத்தமாக வந்து இறங்கிவிட்டார்கள். 300 நாற்காலியும் தீர்ந்துவிட்டது. வளைகாப்பு வீட்டுப் பெண் ஓடிவந்து, "இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க, பெரியம்மா நிக்கிறாக" என்கிறாள். அவள் கையில் சீட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

லினக்ஸ் மூன்று படியாக முயற்சி செய்யும்.

முதல் படி: ஹார்டு டிஸ்கிலிருந்து வேகத்துக்காக எடுத்து வைத்திருந்த கோப்புப் பக்கங்களைத் தள்ளிவிடும். அசல் டிஸ்கில் இருக்கிறது, வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ரொம்ப நேரமாக யாரும் தொடாத பக்கங்களை ஹார்டு டிஸ்கில் "ஸ்வாப்" என்ற இடத்துக்கு மாற்றும். ஆனால் ஹார்டு டிஸ்க் ரொம்ப மெதுவு. ரேமிலிருந்து எடுப்பதைவிட லட்சம் மடங்கு நேரம் பிடிக்கும். ரேமில் எடுக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்தால் ஹார்டு டிஸ்கில் 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! கம்ப்யூட்டர் "ஹேங்" ஆகி, விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று எரிவதைப் பார்த்திருப்பீர்களே, பல தடவை இந்த மாற்றுவேலைதான் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் படி: வேறு வழியே இல்லை என்றால் ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். இதைச் செய்யும் பகுதிக்குப் பெயரே "அவுட் ஆஃப் மெமரி கில்லர்". நினைவகம் தீர்ந்தால் கொல்பவர் என்று அர்த்தம்!

யாரைக் கொல்லும்? ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. யார் கையில் நிறைய நினைவகம் இருக்கிறதோ அவருக்கு மதிப்பெண் அதிகம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கினால் பரிசு, இங்கே முதல் மார்க் வாங்கினால் சாவு! கடைசியாக ஒரே ஒரு பக்கம் கேட்டவர் ஒரு சின்னப் புரோகிராமாக இருக்கலாம், சாவது ஒரு தப்பும் செய்யாத பெரிய புரோகிராமாக இருக்கலாம். வளைகாப்பு வீட்டுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்காகக் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரையும் எழுப்பி விடுவது மாதிரி. அதுவும் "கொஞ்சம் பொறுங்க, சேமித்துக்கொள்கிறேன்" என்று சொல்லக்கூட நேரம் கொடுக்காது.

அப்படியானால் இது நியாயமா? மொத்தக் கம்ப்யூட்டரும் நின்று போனால் எல்லாருடைய வேலையும் போகும். ஒன்றை விட்டு மற்றதைக் காப்பாற்றுகிறோம் என்பது லினக்ஸின் வாதம். விட்ட அந்த ஒன்று யாருடையது என்று அதற்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்து நடந்தது

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறார். லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். களை எடுக்கப் போகும் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட வந்தார். இன்டர்நெட்டில் படிவத்தைத் திறந்து, பாட்டி சொல்லச் சொல்ல அக்கா முக்கால் மணி நேரம் நிரப்பினார். பக்கத்தில் வேறு ஆட்களுக்காகத் திறந்த பக்கங்களும் ஏழெட்டு இருந்தன. இன்னும் ஒரு படத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு பிரௌசரே காணாமல் போய்விட்டது. நிரப்பியது எல்லாம் போச்சு.

எல்லாரும் "வைரஸ்" என்றார்கள். லினக்ஸ் தெரிந்த ஓர் அண்ணன் வந்து கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "நினைவகம் தீர்ந்தது, இந்த வேலை கொல்லப்பட்டது" என்று ஆங்கிலத்தில் நேரத்தோடு ஒரு வரி இருந்தது. கொல்லப்பட்டது பிரௌசர். பதிவேட்டுக்கு அது ஒரு வரிதான். பாட்டிக்கு அது இன்னொரு நாள் கூலி. மறுநாள் வேலைக்குப் போகாமல் மறுபடி வந்து உட்கார்ந்து, அதே விவரத்தை முதலிலிருந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

0, 1, 2: மூன்று வழி

லினக்ஸில் எவ்வளவு தாராளம் என்பதை நாமே முடிவு செய்யலாம். அதற்கு ஓர் எண் இருக்கிறது.

0 என்றால்: அநியாயமாகக் கேட்டால் மட்டும் மறுக்கும். ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்ததைவிட அதிகமாக ஒரே தடவையில் கேட்டால் "கிடையாது" என்றுவிடும். மற்றபடி சரி, சரி என்று எழுதிக் கொடுக்கும். பொதுவாக இதுதான் இருக்கும்.

1 என்றால்: எதைக் கேட்டாலும் "சரி".

2 என்றால்: கறார். ஸ்வாப் அளவோடு ரேமில் பாதியைக் கூட்டினால் எவ்வளவோ, வழக்கமாக அதுதான் எல்லை. 2 ஜி.பி. ரேம், 1 ஜி.பி. ஸ்வாப் என்றால் 1 + 1 = 2 ஜி.பி. வரைதான் சீட்டு. (அந்தப் பாதி என்ற அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.)

எது நல்லது? ஆளுக்கு ஆள் மாறும். போஸ்ட்கிரெஸ் என்ற தகவல்தள மென்பொருளின் கையேடு 2ஐ வைக்கச் சொல்கிறது. தகவலைக் காப்பது அதன் வேலை. நடுவில் சாவதைவிட, கேட்கும்போதே "இல்லை" என்று சொல்லிவிட்டால் அது சமாளித்துக்கொள்ளும். ரெடிஸ் என்ற இன்னொரு மென்பொருளோ 1ஐ வைக்கச் சொல்கிறது. அது தன்னிடம் உள்ளதை டிஸ்கில் எழுதி வைக்க ஃபோர்க் முறையில் தன்னையே நகல் எடுக்கும். கறார்க் கணக்கு வைத்தால் சேமிக்கவே முடியாமல் போகும். ஆனால் கறாராக வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். "இல்லை" என்ற பதிலைக் கேட்டதும் சமாளிக்கத் தெரியாமல் தானே விழுந்துவிடும் புரோகிராம்களும் நிறைய உண்டு.

முக்கியமான புரோகிராமைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. அதன் மதிப்பெண்ணில் -1000 முதல் +1000 வரை கூட்டிக் குறைக்கலாம். -1000 போட்டால் கொல்பவர் அதைத் தொடவே மாட்டார். எல்லாவற்றுக்கும் -1000 போட்டுவிட்டால்? பிறகு கொல்ல ஆளே இருக்காது, கம்ப்யூட்டரே நின்றுவிடும்!

அம்மா போனிலும் இதுதான்

நம் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதிதான். 1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இன்று நம் கைக்குள் இருக்கிறது. போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பழைய ஆப்புக்குத் திரும்பினால் அது முதலிலிருந்து திறக்கிறதே, ஏன்? நினைவகம் குறைந்ததும் பின்னால் இருக்கும் ஆப்புகளைப் போன் மூடிவிடுகிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆப்பைக் கூடுமான வரை தொடாது. நல்ல ஆப்பாக இருந்தால் விட்ட இடத்தைக் குறித்து வைத்திருந்து மறுபடி அங்கேயே திறக்கும்.

நாம் செய்ய வேண்டியது

* படிவத்தில் நேராக நீளமாக டைப் அடிக்காதீர்கள். முதலில் எழுதும் மென்பொருளில் அடித்துச் சேமித்து, பிறகு அங்கிருந்து எடுத்து ஒட்டுங்கள். பிரௌசர் போனாலும் எழுத்து இருக்கும்.

* பத்து வரிக்கு ஒரு தடவை கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்குங்கள். லிப்ரெ ஆபீஸ் தானாகவே மீட்புப் பதிவு எடுக்கும், ஆனால் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவைதான். நடுவில் போன 9 நிமிடம் போனதுதான்.

* முடிந்த பக்கங்களை மூடுங்கள். திறந்து வைத்த ஒவ்வொரு பக்கமும் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும்.

* லினக்ஸ் கம்ப்யூட்டரில் "ஃப்ரீ" என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரேம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று காட்டும். வேலை தொடங்கும் முன் ஒரு பார்வை பாருங்கள்.

* கம்ப்யூட்டர் அசையாமல் நின்றால் படபடவென்று இன்னும் நாலு ஜன்னலைத் திறக்காதீர்கள். பொறுத்திருந்து, சேமித்து, ஒன்றிரண்டை மூடுங்கள்.

இப்போது புதிருக்கு விடை சொல்லலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. "எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள்" என்ற நம்பிக்கையில்தான் வாக்குக் கொடுக்கிறது. பெரும்பாலான நாள் அந்த நம்பிக்கை பலிக்கிறது, அதனால்தான் சின்ன ரேமிலும் இவ்வளவு வேலை நடக்கிறது. பலிக்காத நாளில் யார் வேலை போகும் என்பதை மட்டும் நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அடுத்தவருக்காக டைப் அடிக்கும்போது இதை மறக்க வேண்டாம். நம்முடையது போனால் நமக்கு நேரம்தான் நஷ்டம், அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகலாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 4 ஜி.பி. ரேமும் 2 ஜி.பி. ஸ்வாப்பும் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில் எண்ணை 2 என்று வைத்தால் எத்தனை ஜி.பி. வரை சீட்டுக் கிடைக்கும்? 4 ஜி.பி. ரேமில் எத்தனை பக்கங்கள்? விடையைத் தாளில் எழுதி என்னிடம் கொடுங்கள். சரியாக எழுதியவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பசுவந்தனை.